பெயருக்குப் பின்னால் இருந்து இறங்கி, வண்டிக்குப் பின்னால்

"ஸ்டிக்கர்தானே தோழர், இதையெல்லாம் ஒரு பிரச்சனையாக எழுத வேண்டுமா?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. ஆணவக் கொலை நிற்கவில்லை. மலக்குழியில் இறங்கி ஆட்கள் சாவது நிற்கவில்லை. ஊர்ச் சுடுகாடும் சேரிச் சுடுகாடும் இன்னும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. இதற்கு நடுவில் எவனோ ஒருவன் தன் காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிங்கப் படத்தைப் பற்றி ஒரு கட்டுரையா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதைக் கேட்கிற பலருடைய வீட்டு வாசலில் நிற்கும் காரில் அந்தச் சிங்கம் இருக்கிறது. மகனின் கைபேசியில் அம்பேத்கர் படம், அப்பாவின் காரில் சிங்கம்.

எனக்கு இது தெரிய ஒரு காரணம் உண்டு. என் தம்பி மதுரைக்குத் தெற்கே நான்குவழிச் சாலை ஓரத்தில் கார் கழுவும் கடை வைத்திருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் கணக்குப் பார்க்க நானும் அங்கே இருப்பேன். கழுவுவது, பாலிஷ் போடுவது, சீட் உறை மாற்றுவது போக, ஸ்டிக்கர் எடுக்கிற வேலையும் வரும். எல்லாச் சாதி ஸ்டிக்கரும் வரும். நான் பிறந்த சாதியின் ஸ்டிக்கரும் வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். எந்தெந்தச் சாதி என்று இங்கே பட்டியல் போடப் போவதில்லை. போட்டால் பட்டியலில் இல்லாத சாதிக்காரர் நிம்மதியாக மூச்சு விடுவார், இருக்கிறவர் சண்டைக்கு வருவார். இருவருக்கும் அந்த வசதியைத் தர எனக்கு விருப்பமில்லை.

எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வண்டியை விற்கப் போகிறவர்கள். கொள்கை மாறி வருகிறவர் அபூர்வம். புரோக்கர் சொல்லி அனுப்பியிருப்பார்: "அண்ணே, அந்த எழுத்தைத் தூக்கிட்டு கொண்டாங்க, அப்பத்தான் நாலு பேரு பாப்பாங்க." ஐந்து வருடம், ஏழு வருடம் ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டிய பெருமை, விலை பேசும் நேரத்தில் வண்டிக்கு ஒரு கழிவு. பம்பரில் கீறல் என்றால் எப்படி விலை குறையுமோ அப்படி. புரோக்கருக்கு இது நன்றாகத் தெரியும். ஆண்ட பரம்பரைக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. வடக்கே போனால் பெயரோடு சாதி ஒட்டிக்கொண்டே வரும், இங்கே வராது என்போம். உண்மைதான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரியார் அதற்கு முன்பே 'நாயக்கர்' என்பதை எடுத்துவிட்டிருந்தார். எந்தப் போலீஸும் அபராதம் போடவில்லை, எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. அவரவர் பெயரை அவரவரே உரித்துக்கொண்டார்கள். ஓட்டுக் கேட்கும் சுவரொட்டியில்கூடச் சாதிப் பட்டம் போடக் கூச்சப்படும் ஒரு பொதுவெளி அதனால்தான் இங்கே உருவானது. இன்றைக்கு அந்தக் கூச்சம் ரோட்டில் இல்லை. பெயருக்குப் பின்னால் இருந்து இறங்கிய சாதி, வண்டிக்குப் பின்னால் ஏறிக்கொண்டது.

ஏன் வண்டி? இதை யோசிக்காமல் ஸ்டிக்கரைச் சும்மா ஒரு கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள பகை பழையது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, புலையர்கள் நடக்கவே கூடாது என்றிருந்த பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். அந்த வண்டி ஒரு பயண வசதிக்காக வாங்கப்பட்டதல்ல என்பது அவருக்கும் தெரியும், அவரை வழிமறித்தவர்களுக்கும் தெரியும். 1901இல் சிறுவன் பீமராவ் தன் அண்ணனோடும் அக்காள் மகனோடும் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போக மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினபோது, மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். 1929இல், அதே பீமராவ் வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் பெற்று பாரிஸ்டராகத் திரும்பி வந்த பிறகும், சாலிஸ்காவில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தார்கள். வண்டி மட்டும் கிடைத்தது, ஓட்டப் பழக்கமில்லாத ஒரு தோழர் ஓட்டினார், பாலத்தருகே வண்டி தடுமாறி அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த மூன்று நிகழ்வுகளிலும் யார் எந்த வண்டியில் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. அதனால் வண்டியின் மேல் எதையும் எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது. என் சின்ன வயதில் எங்கள் ஊரில் ஒரே ஒரு அம்பாசடர் இருந்தது. அதில் ஒரு ஸ்டிக்கரும் கிடையாது. தூரத்தில் புழுதி கிளம்பும்போதே யாருடைய வண்டி என்று ஊருக்கே தெரியும். ஒதுங்க வேண்டியவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இன்று அப்படி இல்லை. மாதத் தவணையில் யார் வேண்டுமானாலும் கார் எடுக்கலாம். அதே கம்பெனி, அதே மாடல், அதே வெள்ளை நிறம். சேரியில் இருந்து படித்துப் போய்ச் சம்பாதிக்கும் பெண்ணும், ஊருக்குள் பெரிய வீட்டுப் பையனும் சுங்கச்சாவடியில் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். கண்ணாடி ஏற்றியிருந்தால் உள்ளே இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தெரியாமைதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டிக்கர் அதற்கு வந்த மருந்து. 'நான் யார் என்று பார்' என்று சொல்வது அதன் பாதி வேலை. பின்னால் வருகிறவனை 'நீ யார்?' என்று கேட்பது மீதிப் பாதி. ஸ்டிக்கர் இல்லாத வண்டி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத வண்டியாக, சந்தேகத்துக்குரிய வண்டியாக ஆகிவிடுகிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கை வெட்டப்பட்டது. புல்லட் ஓட்டினதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்த வண்டியில் எதுவும் எழுதியிருக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. ஓட்டினவர் யார் என்பதுதான் அவர்கள் படித்த எழுத்து.

சரி, அரசாங்கம் உத்தரவு போட்டு எல்லாவற்றையும் கிழித்துவிட்டால் தீர்ந்ததா? நம்மில் பல இளைஞர்கள் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். அவர்களுக்கு 1997ஐ நினைவுபடுத்த வேண்டும். பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

அன்றைக்குத் தமிழ்நாட்டின் அரசுப் பேருந்துகளின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர்கள் இருக்கும். சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், தீரன் சின்னமலை, ராணி மங்கம்மாள், நேசமணி, ஜீவா என்று ஒவ்வொரு கோட்டத்துக்கும் ஒரு போக்குவரத்துக் கழகம். மாவட்டங்களுக்கும் அப்படித்தான் தலைவர்களின் பெயர்கள். வருடக்கணக்கில் எல்லாரும் அந்தப் பேருந்துகளில் ஏறி இறங்கினார்கள். பெயர் ஒரு பிரச்சனையாகவே இல்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனின் தளபதியாகப் போற்றப்படுகிறவர், தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தவர். கட்டபொம்மன் பேருந்தில் ஏறினவர்களுக்கு, அவருடைய தளபதியின் பேருந்தில் ஏற முடியவில்லை. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். பேருந்துகள் கல்லடி பட்டன. தென்மாவட்டங்களில் கலவரம் பரவி உயிர்கள் போயின.

அரசு என்ன செய்தது? அந்த ஆண்டிலேயே எல்லாக் கழகங்களின் பெயரையும், எல்லா மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயரையும் மொத்தமாக எடுத்துவிட்டது. சேரனும் போனார், பாண்டியனும் போனார், சுந்தரலிங்கமும் போனார். பெரியார் பெயரில் இருந்த மாவட்டமும் காமராசர் பெயரில் இருந்த மாவட்டமும் ஊர்ப் பெயருக்குத் திரும்பின. பணிமனைகளில் பேருந்துகளின் பக்கவாட்டில் புதிய பெயின்ட் அடித்து, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயர் எழுதினார்கள்.

அமைதி திரும்ப வேறு வழி என்ன இருந்தது என்று கேட்பார்கள். அந்த நெருக்கடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். மற்ற பெயர்கள் இருந்தவரை பெயர் வைப்பது மரியாதை. சுந்தரலிங்கத்தின் பெயர் வந்ததும் பெயர் வைப்பதே தவறு. 'எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்' என்ற சமத்துவம், ஒரு பெயரைச் சகிக்க முடியாதவர்களுக்குக் கிடைத்த வெற்றியாக முடிந்தது. அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் எந்தப் பெயர் இருந்தது என்பதைத் தென்மாவட்டங்களில் யாரும் மறக்கவில்லை.

2025 செப்டம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி உத்தரப்பிரதேச அரசு போட்ட உத்தரவை அந்த நினைவோடுதான் நான் படித்தேன். வாகனங்களில் சாதிப் பெயர், சாதி முழக்கம் கூடாது. காவல்துறை ஆவணங்களில் சாதி குறிப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. அதே உத்தரவில் சாதி அடிப்படையிலான பேரணிகளுக்கும் தடை. ஆதிக்க சாதிக்குப் பேரணி தேவையில்லை, அதற்குக் காவல் நிலையமே பேரணிதான். கூட்டம் கூடிக் கேட்டால்தான் எதுவும் கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால், அந்தத் தடை யார் தலையில் விழும் என்று புரியும்.

தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. நம்பர் பிளேட்டில் பதிவு எண்ணைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, வண்டிகளில் உரிமையில்லாமல் ஒட்டிய ஸ்டிக்கர்களுக்கு அபராதம் போடத் தொடங்கியது, முதல் முறைக்கு 500 ரூபாய். அப்போது நடந்த விவாதம் முழுக்க பிரஸ், டாக்டர், வக்கீல், போலீஸ் பற்றித்தான். டாக்டர்கள் தங்களுக்கு விலக்கு வேண்டும் என்றார்கள். தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். சாதி ஸ்டிக்கர் பற்றி யாரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று சொன்னதும் சிக்னலுக்குச் சிக்னல் போலீஸ்காரர்கள் நின்று கையால் உரித்தார்கள். உரிக்கத் தெரியாத துறை இல்லை அது.

எனவே போலீஸிடம் என் கோரிக்கை சின்னது. நம்பர் பிளேட் விதியை எல்லா வண்டிக்கும் ஒன்றாக நடத்துங்கள், குருபூஜைக்கும் திருவிழாவுக்கும் போகிற வண்டி உட்பட. அதற்கு மேல் ஸ்டிக்கரைப் பார்த்து எது சாதி, எது அரசியல் என்று பிரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கையில் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. கொடுத்தால் முதலில் கிழிக்கப்படுவது எது என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். நீலம்தான்.

இங்கே ஒரு கேள்வி தவறாமல் வரும். "அம்பேத்கர் படமும் சாதி ஸ்டிக்கர்தானே? எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு, நாங்களும் எடுக்கிறோம்." கடையிலும் கேட்கிறார்கள், கூட்டத்திலும் கேட்கிறார்கள். ஒரு ஸ்டிக்கர் நான் உனக்கு மேலே என்கிறது. இன்னொன்று எனக்கு மேலே எவனும் இல்லை என்கிறது. இரண்டுக்கும் வினைல் ஒன்றுதான், பசை ஒன்றுதான். அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. ஒட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சிங்கத்தை ஒட்டினவனுக்கு வழிவிடுகிறார்கள், சலாம் போடுகிறார்கள். அம்பேத்கரை ஒட்டினவரிடம் வாடகைக்கு வீடு இல்லை என்கிறார்கள், திருவிழா நேரத்தில் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். நம் ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் சிலை யாருடையது என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒடுக்கப்பட்ட சாதிகளிலும் வாள், சிங்கம், ஆண்ட பரம்பரை என்று அதே பாணியில் ஒட்டுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிக்கிறவனின் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொள்வதால் அடி நிற்காது. ஆனால் அதை அவர்களுடைய ஊரில் அவர்களுடைய தோழர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் பேச வேண்டியது என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றி.

போன வருடம் ஒரு அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். அப்பா பேரூராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் திருச்சியில் நர்ஸ். மகளின் சம்பளத்தில் ஒரு பழைய மெரூன் கார் வாங்கியிருந்தார்கள். முன்பு வைத்திருந்தவர் எதையும் எடுக்காமல் விற்றிருந்தார். பின்கண்ணாடி முழுக்க அவருடைய சாதிப் பெயர், ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு வாள், டிக்கியில் எவர்சில்வர் நிறத்தில் மூன்று தனி எழுத்துகள்.

"எல்லாத்தையும் எடுத்துருங்கண்ணே" என்றார் மகள்.

அப்பா கொஞ்சம் தள்ளி நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கண்ணாடில உள்ளத எடுங்க தம்பி. கதவுல உள்ளது இருக்கட்டும்."

"ஏம்ப்பா?"

"ராத்திரி ஊருக்குள்ள வரணும்ல தாயி. அது இருந்தா எவனும் நிறுத்த மாட்டான். ரெண்டு மாசமா ஒருத்தனும் என்னன்னு கேக்கல."

"அது நம்ம பேராப்பா?"

"நம்ம பேரு எழுதுனா வண்டி வீடு வந்து சேருமா?"

நான் எதுவும் பேசவில்லை. பேச எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்த வாள் என் சாதிக்காரன் ஒட்டினதாக இருந்தாலும் இருக்கலாம். அவர் சொன்னது கோழைத்தனம் என்று நினைக்கிற முற்போக்காளர் யாராவது இருந்தால், ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ஊர்களின் வழியாக ஒரு முறை அவரோடு போய்வரச் சொல்வேன். ஆதிக்க சாதியின் பெருமையை ஒரு தலித் முதியவர் பாதுகாப்புக் கவசமாக மாட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஸ்டிக்கர்தானே என்கிறவர்களுக்கு என்னிடம் இதைவிடப் பெரிய பதில் இல்லை. சும்மா ஒரு படம் என்றால் அது எப்படி இரண்டு மாதம் ஒரு காரைக் காப்பாற்றும்?

மகள்தான் ஜெயித்தார். எல்லாவற்றையும் எடுத்தோம். ஆனால் கதவில் அச்சு விழுந்திருந்தது. சுற்றியுள்ள மெரூன் வெயிலில் வெளுத்துப் போக, வாள் இருந்த இடம் மட்டும் புது நிறத்தில் அப்படியே நின்றது. பாலிஷ் போட்டும் முழுசாகப் போகவில்லை. கடைசியில் அப்பா கதவருகே குனிந்து பார்த்தார். "பரவால்ல, கிட்ட வந்து பாத்தா தெரியுது" என்றார். வருத்தமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மகளுக்குப் பிடிபட்டிருக்கும். அவர் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த அப்பாவுக்குக் கவசம் தேவைப்படாத நிலை வர வேண்டும் என்றால் மற்றவர்களின் வண்டிகளில் வாள் இருக்கக் கூடாது. இது அவர் செய்ய வேண்டிய வேலை இல்லை. இடைநிலைச் சாதி வீடுகளில் பிறந்து இந்தத் தளத்தைப் படித்துக்கொண்டிருக்கும் நம் வேலை. அதனால் எப்படி எடுப்பது என்பதையும் எழுதிவிடுகிறேன். கோபத்தில் சாவியால் சுரண்டி, வண்டியைக் கெடுத்து, "கொள்கை பேசி காரை நாசம் பண்ணிட்டான்" என்று பேர் வாங்க வேண்டாம்.

முதலில் வண்டியைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மணல் ஒட்டியிருந்தால் தேய்க்கும்போது அதுவே கீறும். பெயின்ட்டின் மேல் ஒட்டிய வினைல் ஸ்டிக்கர் என்றால் தலை உலர்த்தும் ஹேர் டிரையர் போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கை வைத்தால் சுடுகிறது, ஆனாலும் வைத்திருக்க முடிகிறது என்ற அளவுக்குச் சூடாக்குங்கள். கடைகளில் ஹீட் கன் வைத்திருப்போம். பழக்கமில்லாதவர் கையில் அது பெயின்ட்டையே பொசுக்கிவிடும். சூடானதும் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மேலே வெடுக்கென்று இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்துக்கொண்டு வருவது போல மெதுவாக இழுங்கள். ஆறினால் மறுபடி சூடு காட்டுங்கள். வருடக்கணக்கில் வெயில் தின்ற வினைல் பொடிப்பொடியாகத்தான் வரும். அதற்குப் பொறுமை தவிர வேறு கருவி இல்லை. காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றைச் சுரண்ட வைத்துக்கொள்ளலாம். பிளேடு, கத்தி, பாத்திரம் தேய்க்கும் கம்பி எதுவும் பெயின்ட் பக்கம் வரக் கூடாது.

மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் துடையுங்கள். போகாவிட்டால் நீலகிரித் தைலம். பெயின்ட் கடைத் தின்னர் வேண்டாம். பசையோடு பெயின்ட்டையும் கொண்டுபோய்விடும், முக்கியமாக பிளாஸ்டிக் பம்பரிலும், டிங்கரிங் பார்த்து மறுபடி பெயின்ட் அடித்த இடத்திலும். மறுபெயின்ட் அடித்த கதவாக இருந்தால் ஸ்டிக்கரோடு பெயின்ட்டே உரிந்து வரும் வாய்ப்பும் உண்டு. அப்பாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

டிக்கியில் ஒட்டும் தனி எழுத்துகள் இரட்டைப் பக்க நுரை டேப்பில் நிற்பவை. நெம்பினால் தகடு அமுங்கும். சூடு காட்டிவிட்டு, எழுத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் தூண்டில் நரம்பை நுழைத்து ரம்பம் போல இப்படியும் அப்படியும் இழுத்தால் அறுந்து கையோடு வந்துவிடும். தையல் நூல் பாதியில் அறுந்துவிடும். கம்பெனிச் சின்னத்தைத் தொட வேண்டாம். சிலவற்றுக்குப் பின்னால் ஆணி மாதிரி ஊன்று இருக்கும், எடுத்தால் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். பின்கண்ணாடிக்கு மட்டும் சோப்புத் தண்ணீரோடு புது பிளேடைப் படுக்கையாகப் பிடித்துப் பயன்படுத்தலாம், வெளிப்பக்கம் ஒட்டியிருந்தால். உள்பக்கம் ஒட்டியிருந்து, கண்ணாடியில் பனி போக்கும் கோடுகள் ஓடுகிறது என்றால் பிளேடு கூடாது, கோடு அறுந்துவிடும்.

அச்சு விழுந்திருந்தால் ரப்பிங் காம்பவுண்ட், பிறகு பாலிஷ். அதற்கும் ஒரு எல்லை உண்டு. மேலே உள்ள கிளியர் கோட் தேயத் தேயக் குறைவதுதான், மறுபடி வளராது. சிவப்பு, கறுப்பு வண்டிகளில் அச்சு நன்றாகத் தெரியும், வெள்ளையில் குறைவு. மீதியை வெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சமப்படுத்தும், வருடங்கள் ஆகும்.

இதையெல்லாம்விடக் கடினமானது அப்பாவிடம் பேசுவது. அதற்கு எண்ணெய் தைலம் எதுவும் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் அந்த ஸ்டிக்கரை அப்பா தேடிப் போய் ஒட்டியிருக்க மாட்டார். சங்கத்தில் கொடுத்திருப்பார்கள், மாமா வாங்கி வந்திருப்பார், குருபூஜைக்குப் போன வேனில் வந்த பையன்கள் ஒட்டிவிட்டிருப்பார்கள். "எடுத்தா நாலு பேரு கேப்பாங்களேடா" என்பதுதான் அவருடைய பயம். அதாவது ஸ்டிக்கர் அவரையும் கண்காணிக்கிறது. அவர் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக எடுத்துவிடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். தெரியாமல் எடுத்தால் அடுத்த வாரம் அதைவிடப் பெரியது வரும். சாப்பிடும்போது சொல்லுங்கள், "இந்த வண்டியில என் ஃபிரண்டு ஏறமாட்டேங்கிறா" என்று சொல்லுங்கள், சண்டை வந்தால் வரட்டும். நாலு பேர் கேட்டால் சொல்ல அவருக்கு ஒரு பதிலும் நீங்களே யோசித்துக் கொடுங்கள். "பையன் எடுத்துட்டான், கேக்க மாட்டேங்கிறான்" என்பதே நல்ல பதில்தான். பழியை நாம் வாங்கிக்கொள்ளலாம், நமக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

கார்களைவிட எனக்கு அதிகக் கவலை தருவது சைக்கிள்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளோடு, சாதி அடையாளம் தெரியும்படி வண்ணம் அடித்த சைக்கிளில் பள்ளிக்கு வருவதையும் தடுக்க வேண்டும் என்று அதில் பரிந்துரை இருக்கிறது. அரசு பதினொன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி சைக்கிள் கொடுக்கிறது. அந்த ஒரே மாதிரியைக் கலைக்க ஒரு சின்ன டப்பா எனாமல் போதும், மட்கார்டில் இரண்டு பட்டை.

எனாமல் பெயின்ட் ஸ்டிக்கர் போலச் சூட்டுக்கு உரிந்து வராது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே அந்த நிறத்தை மறுபடி அடிக்க வேண்டும். அதைச் செய்கிற ஆசிரியர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பையனை நிறுத்தி வைத்து எல்லார் முன்னாலும் தேய்க்க விடாதீர்கள். மறுநாள் அவன் அதே நிறத்தைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு வருவான். சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு சைக்கிள் கொட்டகையில் அவனோடு உட்கார்ந்து தேயுங்கள். தேய்த்துக்கொண்டே, அந்தப் பெயின்ட் டப்பாவை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். பதினாறு வயதுப் பையன் தன் காசில் வாங்கியிருக்க மாட்டான்.